கசக்காத மருந்து

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று காலை எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"விண்ணப்பம் போடற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

மருந்துகளுக்குக் காப்புரிமை வாங்கித் தருவதுதான் இருபது வருஷமாக அவள் தொழில். யார் வந்தாலும் அவள் சொல்லும் முதல் பேச்சு இதுதான். ஊரறியச் சொன்னது புதுசு இல்லை, புதுசு இல்லாததற்குக் காப்புரிமை இல்லை. எவனெவனுக்கோ புரிந்தது, கூடப்பிறந்த தடியனுக்குப் புரியவில்லை.

வலிப்பு வரும் குழந்தைகள் துப்பாமல் குடிக்க, கசப்பே தெரியாத மருந்து அது. அண்ணன் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரி வருஷக்கணக்காகத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. விண்ணப்பம் போடுவதற்கு முந்தின மாதம், டாக்டர்கள் கூட்டத்தில் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, எது எவ்வளவு என்று மொத்தத்தையும் அண்ணன் திரையில் போட்டுக் காட்டிவிட்டான். போட்டிக் கம்பெனி அதைப் படம்பிடித்து வைத்து இப்போது எதிர்ப்பு மனு போட்டிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை மைக் பிடித்துக் கெட்டது.

"வழி இருக்கு," என்றான் அண்ணன். "முதலாளி சம்மதம் இல்லாம வெளியே போயிருந்தா தப்பிக்கலாம்னு நீதானே சொன்னே? அன்னைக்குக் கம்ப்யூட்டரை ஓட்டினது அந்த ஆராய்ச்சிக்காரிதான். என்னைக் கேக்காம அவளே போட்டுட்டான்னு எழுது. அவளை நேத்தே வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

வக்கீலம்மாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. கம்பெனி ரகசியத்தைத் திருடி வெளியே விட்டவள் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் எந்த ஆய்வுக்கூடம் அவளைச் சேர்க்கும்? அட பாவி! செய்ததையும் செய்துவிட்டுப் பழியை ஒரு பெண் தலையில் கட்டப் பார்க்கிறானே!

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வேலை போனதைச் சொல்ல வந்து வெளியே காத்திருந்த ஆராய்ச்சிக்காரியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு எதிர்ப்பு மனுவோடு வந்த படத்தை அண்ணன் முன்னால் போட்டாள்.

"திரையில கீழே என்ன இருக்கு? படி."

கண்டுபிடித்தவர் என்று போட்டு அவன் பெயர் மட்டும் இருந்தது, கோட்டு போட்ட போட்டோவோடு.

"அவளே போட்டிருந்தா தன் பேரை விட்டுட்டு உன் மூஞ்சியைப் போடுவாளா? இதை வெச்சுக்கிட்டு நான் பொய் எழுதணுமா? எழுத மாட்டேன். பொய் இல்லாம இந்த விண்ணப்பம் நிக்காது, வாபஸ் வாங்கறேன்."

"நீ எனக்குத் தங்கச்சியா, இவளுக்கா?"

"தங்கச்சிங்கறதாலதான் இன்னும் உக்காந்து பேசிட்டிருக்கேன்."

ஆராய்ச்சிக்காரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கே பார்த்தேன் மேடம். வயிறு எரிஞ்சுது. சம்பளத்துக்காக வாயை மூடிக்கிட்டேன்." பிறகு கேட்டாள், "அப்ப இனிமே இந்த மருந்தை யார் வேணும்னாலும் செய்யலாமா?"

"செய்யலாம்."

"எதிர்ப்பு மனு போட்ட கம்பெனியில காலையில வேலைக்குக் கூப்பிட்டாங்க. போறேன்."

அண்ணன் துள்ளி எழுந்தான். "அது என் மருந்து!"

"திரையிலயும் அப்படித்தான் சார் போட்டிருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.