நடுவில் ஓடிய பெல்ட்

பெல்ட் மறுபடியும் இடப்பக்கம் ஒதுங்கிச் சட்டத்தில் உரசியது. ரப்பர் தீயும் நாற்றம் பட்டறை முழுக்கப் பரவ, மாணவி இளவேனில் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். எட்டு மாணவர்களும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். நாலு பேர் மூன்றாம் வருஷ மெக்கானிக்கல். நாலு பேர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்.

அவர்கள் முடித்தால்தான் கீழே கொட்டிய நிலக்கரித் தூளைக் கூட்டலாம். தேவயானி சுவரோரம் காத்திருந்தாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய அந்தக் கல்லூரியில் ஐந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் பட்டறை, வராண்டா, கழிவறை எல்லாம் சுத்தம் செய்கிறாள். முன்பெல்லாம் மாணவர்கள் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று இயந்திரங்களைப் பார்த்து, படம் வரைந்துகொண்டு போவார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் ஆனதும் கயிறு போய்விட்டது. ரெண்டு வாரத்தில் இந்த எட்டுப் பேரும் சின்னதாக ஒரு கன்வேயரைத் தாங்களே செய்து, அதில் நிலக்கரியை ஓட்டிக் காட்டவேண்டும். இன்று அதற்குக் கடைசி நாள்.

"ரைட் சைடு போல்ட்ட இன்னும் இறுக்கிப் பாக்கலாம்" என்றாள் இளவேனில். இறுக்கினார்கள். பெல்ட் இன்னும் மோசமாக இடப்பக்கம் ஏறியது.

தேவயானிக்கு வாயை அடக்க முடியவில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். படித்துவிட்டு மைன்ஸில் கிடைத்தது, கன்வேயருக்கு அடியில் சிந்தும் கரியை வாரும் வேலை. ஆறு வருஷம், தலைக்குமேல் ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே வாரினாள்.

"இளவேனிலு, எதிர்ப்பக்கத்தயே இறுக்கிகினு இருக்கீங்களேம்மா. அது எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்ததான் இறுக்கணும்."

"அப்ப இன்னும் அங்கதானக்கா போவும்?"

"தொய்வா இருக்கற பக்கந்தான் அது சாயும். இறுக்கிப் பாரு."

இளவேனில் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், ஜெர்மன் பேராசிரியை மார்த்தா ஸ்பேனரை எடுத்துத் தேவயானியிடமே நீட்டினார்.

தேவயானி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வலப்பக்கத்தைத் தளர்த்தி, இடப்பக்கத்தைக் கால் சுற்று இறுக்கினாள். "அவசரப்படாதீங்க. ரெண்டு சுத்து வரட்டும்." இன்னொரு கால் சுற்று. பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவுக்கு வந்தது; வந்து, அங்கேயே ஓடியது. இளவேனில் ஒரு கூடை நிலக்கரியைக் கொட்டினாள். ஒரு துண்டுகூடச் சிந்தாமல் மறுமுனையில் போய் விழுந்தது. விசில் பறந்தது. இளவேனில் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"மார்த்தா மேடம் நீங்க எந்த டிபார்ட்மெண்ட்னு கேக்குறாங்கக்கா!"

"கூட்டற டிபார்ட்மெண்ட்டுன்னு சொல்லு" என்றாள் தேவயானி. பட்டறையே சிரித்தது.

மறுநாள் மற்ற மாணவர்களுக்கும் இதைச் சொல்லித்தரச் சொல்லி, மார்த்தா தன் நீலப் பட்டறைக் கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டார். நாற்பது பேர். தேவயானி வேண்டுமென்றே பெல்ட்டைக் கோணலாக்கி, ஸ்பேனரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "பயப்படாத, திருப்பு. தப்பானா மறுபடி திருப்பு." சாப்பாட்டு மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. தொண்டை கட்டியது. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

ஐந்து மணிக்குக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வேலுமணி வருகை நோட்டோடு வாசலில் நின்றார்.

"தேவயானி, கோட்ட கழட்டி வச்சிட்டு வாம்மா. அது ஸ்டாஃபுக்குத்தான்."

"அக்கா, எனக்கும் நடுவுல ஓடுது!" என்று உள்ளே யாரோ கத்தினார்கள்.

"பாத்தீங்களாண்ணே?" என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. கோட்டைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோட்டை வாங்கினாள். பெயருக்கு எதிரே, அன்றைய வேலையாக 'கழிவறை, வராண்டா' என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தாளைப் பிடித்திருந்த கட்டைவிரலின் கிரீஸ் கறுப்பாக அதன்மேல் பதிந்தது.