ஹீட்டர் என்று பெயர் வைத்த ஃபேன்

ஒரு சிப் கம்பெனி இன்ஜினியரம்மா அனுப்பிய கோப்பை ஐந்தாவது முறையாகத் திருப்பி அனுப்பினேன். புதிய சர்க்யூட் போர்டில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று கெர்னலுக்கு, அதாவது மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குச் சொல்லும் விவரக் கோப்பு அது. அதில் சேரும் முன் இப்படிப்பட்ட கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரே சென்சாருக்கு மேலே ஒரு பெயர், பத்து வரி கீழே இன்னொரு பெயர். பதினோரு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மதியம் அவரே போன் செய்தார்.

"உங்க பழைய போர்டோட கோப்பைப் பார்த்தேன் சார். அதுல ஃபேனுக்கு ஹீட்டர்னு பேர் இருக்கே. அதை மட்டும் எப்படி விட்டு வெச்சீங்க?" குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான்.

"வித்த மெஷின் எல்லாத்துக்குள்ளயும் அந்தப் பேர்தாங்க பதிஞ்சு கிடக்கு. இப்ப இங்க மாத்தினா ஒண்ணுலயும் ஃபேன் சுத்தாது."

"அப்படிப் பேர் வெச்ச புண்ணியவான் யாரு?"

வேறொரு கோப்பை நகலெடுத்து, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பெயரை மாற்ற மறந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

"நான்தாங்க. உங்க போர்டு இன்னும் விற்பனைக்குப் போகலை."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆறாவது தடவை அனுப்புறேன் சார்," என்றார்.