பொத்திய கை

“கையைப் பொத்திப் பிடிக்கச் சத்து வேணுமா, பொத்தின கையை விடச் சத்து வேணுமா? சொல்லு பாப்பம்.”

ஜவுபர் ஒருநாள் தங்கை றாஹிலாவிடம் இப்படிக் கேட்டான். அவன் கல்முனையில் உயர்தரம் படிப்பவன். அவள் பெரியவளானதும் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கையெழுத்து அழகு என்பதால் அவனுடைய விலங்கியல் குறிப்புகளை அவள்தான் நல்ல கொப்பியில் எழுதிக் கொடுப்பாள்.

“பிடிக்கத்தான், காக்கா.”

“மொக்கு! எழுதித் தாறியே, ஒருக்கா வாசிச்சும் பாரன்.” தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

வாசித்தாள். தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இழைகள் இரண்டு வகை. மெல்லிய இழை கயிறு மாதிரி. தடித்த இழையில் மயோசின் தலைகள் வரிசையாக நிற்கின்றன, நிந்தவூர்க் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் போல. கல்சியம் வந்து வழி திறந்ததும் தலைகள் கயிற்றைப் பற்றி, வளைந்து இழுக்கின்றன. விட்டு, நிமிர்ந்து, இன்னும் சற்றுத் தள்ளிப் பற்றுகின்றன. கோடிக்கணக்கான தலைகள் இப்படி இழுத்தால்தான் ஒரு விரல் மடங்கும். அடுத்த வரிதான் அவளை நிறுத்தி வைத்தது. பற்றிய தலை கயிற்றை விட வேண்டுமானால் ஏ.ரீ.பீ. என்ற எரிபொருள் ஒரு துணுக்கு வந்து அதில் ஒட்ட வேண்டும். வராவிட்டால் பிடித்த பிடியிலேயே கிடக்கும். மூச்சு நின்ற உடம்பில் அந்த எரிபொருள் ஊறுவதில்லை. அதனால்தான் மையித்து விறைக்கிறது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தாடையும் கழுத்தும், பிறகு கை, கடைசியில் கால்.

ஊரில் ஒருவர் மௌத்தானால் சூடு ஆறுமுன் ஓடிப்போய்க் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகால்களை நீட்டி விடுவது எதற்கென்று அன்று அவளுக்கு விளங்கியது.

அவளுடைய அக்கா, நயீமா ராத்தாவுக்கு அதைச் செய்ய ஆள் இருக்கவில்லை.

பிறகு வந்தது எண்பத்திரண்டாம் ஆண்டின் மாசி அறுவடைக் காலம். நயீமாவின் சீதன வீடு உம்மா வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி, கடற்கரைப் பக்கம். ராத்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இரவில் மூச்சு முட்டினால் நிமிர்த்தி உட்கார வைக்கவும் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடவும் பக்கத்தில் ஆள் வேண்டும். எந்த வேலையென்றாலும் இரவில் வயல் வாடிக் குடிசையில் தங்குவதில்லை என்று அவள் புருஷன் மர்சூக் உம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தான்.

அன்று காலை ஆறரைக்கு றாஹிலா இடியப்பத்தோடு போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. ராத்தா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பொத்திப் பிடித்திருந்தது. காலைத் தொட்டு உலுப்பினாள். உடம்பு முழுவதும் ஒரே பலகையாக அசைந்தது. கால் பெருவிரல்கூட மடங்கவில்லை.

எட்டு மணிக்கு மர்சூக்கை வயலிலிருந்து கூட்டி வந்தார்கள். முற்றத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். “விடியச் சுபஹு பாங்குக்கு எழும்பித் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. குடிச்சிட்டு அஞ்சரைக்குத்தான் வெளிக்கிட்டன். நல்லாத்தானே இருந்தா!”

குளிப்பாட்டச் சபியா உம்மா வந்தார். முப்பது வருஷமாக ஊரின் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுபவர். கிணற்றடியில் சீலைகளால் மறைப்புக் கட்டி, பலகையில் கிடத்தினார்கள். சட்டையைக் கத்தரித்து எடுத்தாயிற்று. கைக்குள் அகப்பட்ட துண்டு மட்டும் வரவில்லை.

“ஆரோ இவள்ட குத்தத்தை இன்னும் பொறுக்கல்ல,” என்றாள் மர்சூக்கின் தாய் ஆயிஷா உம்மா. “பொறுத்தாத்தான் கை விடும். என்ட மகன்ட மனசை என்ன பாடு படுத்தினவள்! வயலுக்குப் போனா வாய், வந்தா வாய்.”

“மையித்துட குத்தத்தைக் கதைக்கப்படா, ஆயிஷா. நீ தண்ணியை அள்ளு.” சபியா உம்மா அதட்டினார். ஆனால் அந்தக் கையைப் பார்த்து அவரும் உதட்டைப் பிதுக்கினார். “நெம்பினா விரல் முறியும். மையித்துக்கும் நோகும்.”

றாஹிலாவின் உம்மா எழும்பினாள். மறைப்புச் சீலையடியில் போய் நின்று, அப்பால் நின்ற மர்சூக்கைக் காணாமலே முந்தானையை ஏந்தினாள். “மருமகன், என்ட புள்ள என்ன பிழை செஞ்சிருந்தாலும் பொறுத்தேண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. கை விடட்டும்.”

றாஹிலா செம்பும் கையுமாக நின்றாள். வீட்டுக்கு யாராவது வந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிபவள் அவள். இப்போது அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், பிழை செய்தவள் நயீமா, பொறுத்தவன் மர்சூக் என்று ஊர் காலத்துக்கும் கதைக்கும். போராடிச் செத்த உடம்பு சீக்கிரம் விறைக்கும் என்றும் குறிப்பில் எழுதியிருந்தாள். அதையும் சேர்த்து மறுபடியும் கணக்குப் பார்த்தாள். ஒரு மணித்தியாலத்தில் பெருவிரல் வரைக்குமா? இல்லை.

“மச்சான்,” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “ராத்தாவா தேத்தண்ணி ஊத்தித் தந்த?”

“ஓம் புள்ள. சொன்னேனே.”

“ஆறரைக்கு நான் தொட்டுப் பாத்த. கால் விரல் மட்டுக்கும் கட்டையாக் கிடந்திச்சு. சில்லிட்டுக் கிடந்திச்சு. அதுக்கு ஏழெட்டு மணித்தியாலம் வேணும். ராத்தா ராவே மௌத்தாயிட்டா.”

“எட்டாம் வகுப்புக் குமரு டாக்குத்தராகிட்டாவோ!” ஆயிஷா உம்மா கையைத் தட்டினாள்.

சபியா உம்மா சிரிக்கவில்லை. “ஆறரைக்கே காலும் விறைச்சா? பெருவிரலுமா?”

“ஓம், பெரியம்மா.”

அவர் நயீமாவின் பொத்திய விரல்களை வெந்நீரில் நனைத்தார். “எத்தனை மையித்தைக் கழுவினவள் நான். அப்ப இது சுபஹுக்குத் தேத்தண்ணி ஊத்தின கையில்ல.”

உம்மாவின் முந்தானை கீழே விழுந்தது.

“ராவு வாடியிலயா படுத்தீங்க, மருமகன்?”

கிணற்றடிப் பெண்கள் எல்லோரும் கைவேலையை விட்டார்கள்.

“நீங்க போகக்குள்ள இழுப்புத் தொடங்கியிருந்திச்சா? உங்களக் கூப்பிட்டாளா?”

சீலையின் கீழ் விளிம்பில் அவனுடைய பாதங்கள் தெரிந்தன. வைக்கோல் தூசி ஒட்டியிருந்த பாதங்கள். ஒன்று மற்றதன் மேல் ஏறி உரசியது. பிறகு இரண்டும் திரும்பின. முற்றத்து மணலைக் கடந்து, ஜனாஸாவுக்கு வந்து குந்தியிருந்த ஆண்களைக் கடந்து, படலையைத் திறந்துகொண்டு மர்சூக் வெளியே போனான்.