பேஸ்காரர் சும்மா நின்ற சுற்று

ஆளை விட உயரமான டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு அவர் ஜாஸ் வாசிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். அதில் பதினாறு வருடம் ஒரே ஓட்டல், ஒரே மேடை, ஞாயிற்றுக்கிழமை மதியம். வாத்தியம் பெரிது, சத்தம் சின்னது. அதனால் அங்கே வரும் மகாஜனங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சாக்ஸபோன் ஊதும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். பேஸ்காரர் தனியாக வாசிக்கும் சுற்று வந்ததும் பேச ஆரம்பிப்பார்கள்.

நாளடைவில் இது முற்றிப்போனது. மற்ற நேரத்தில் சொல்ல முடியாததை எல்லாம் அந்தச் சுற்றுக்கு ஒத்திவைத்தார்கள். கல்யாணம் பேசி முடித்தவர்கள் உண்டு. ஒரு மேலாளர் தன் ஆட்களை வேலையை விட்டு நீக்குவதே அப்போதுதான். மேசைக்குச் சொல்லிவைக்கும்போதே "பேஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். பேஸ்காரருக்கு இதில் பெருமை வேறு.

அந்த ஞாயிறு, மேடைக்கு நேர் எதிரே அவர் மனைவியும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அங்கே வந்ததே முதல் தடவை. காலடியில் நீலப் பெட்டி. வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் இவர் பேஸைத் தூக்கிவிடுவார், அதுதான் அவர்களுக்குள் வழக்கு. "அண்ணன்கூடப் போறதா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று அவள் சொன்னபோது இவர் வாசித்துக்கொண்டிருந்தார். பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதி பெட்டியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

சாக்ஸபோன் ஓய்ந்தது. ட்ரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்தார். மனைவி தண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்தாள். வாசித்தால்தானே இவளும் பேசுவாள்? பேஸ்காரர் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

கூடமே வாயடைத்துப்போனது. மேலாளர் மேசையில் வேலை போக இருந்தவர் கரண்டியும் கையுமாகக் காத்திருந்தார்.

மனைவி மட்டும் பேசினாள். கத்தவில்லை, ஆனால் சமையலறை வரை கேட்டது.

"அம்மா போயிட்டாங்கன்னு சொன்னேன் அண்ணா. வாசிச்சுக்கிட்டே தலையாட்டினார். வாசிப்பு நல்லாருக்குன்னு சொல்றேன்னு நினைச்சுட்டார்."

மாமியார் இறந்தது பேஸ்காரருக்கு எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். மனைவி ஏன் சொல்லவில்லை என்று அப்போது கோபித்துக்கொண்டவரும் இவர்தான்.

அவள் மேடையை நிமிர்ந்து பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னைக்குத்தான் அண்ணா, நான் பேசறப்போ சும்மா நிக்கறார்."

கேட்பதற்காக அவர் நிற்கவில்லை. அதைச் சொல்லவா முடியும்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுற்றுக்கான நேரம் முடிந்தது. மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ட்ரம்ஸ்காரர் குச்சிகளை எடுத்தார்.

"நீ உக்காரு அண்ணா" என்றாள் மனைவி. பிறகு ட்ரம்ஸ்காரரைப் பார்த்து, "தம்பி, அதைக் கீழ வைங்க. இன்னொரு சுத்து அவருக்கே விடுங்க. நான் முதல்லேர்ந்து சொல்லணும்."

நாலாவது சுற்று முடிந்தபோது, அவள் கல்யாணமான முதல் வருடத்தைத்தான் தாண்டியிருந்தாள்.