பூசணித் தோட்டத்துப் பாங்கு

ஹபீலாவின் வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்தது, சிக்னல்தான் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வத்தேகமப் பக்கம் ஏறும் பாதையில் ஒரு வளைவு வரும். அந்த வளைவில் இறங்கிப் படிக்கட்டு வழியே பள்ளத்துக்குள் போனால் அவள் வீடு. வளைவில் நின்றால் போனில் எல்லாக் கோடும் இருக்கும். படி இறங்க இறங்க ஒவ்வொன்றாய்க் கழன்று, வாசலுக்கு வந்து சேரும்போது ஒன்றும் மிஞ்சாது. மகள் நஸ்லியாவுக்கு ஒரு செய்தி பார்க்க வேண்டுமென்றாலும் குடையும் கையுமாய் மேலே ஏற வேண்டும். ஹபீலாவுக்கு அந்தப் பாடு கிடையாது. அவளுக்கு வேண்டியது இன்டர்நெட் இல்லாமலே ஓடியது.

அது ஒரு தோட்டம். கண்ணாடி உடைந்த போனைத் திருத்தக் கொடுத்தபோது, டேட்டா ஒரு சொட்டும் தேவையில்லை என்று சொல்லிக் கடைக்காரர் போட்டுக் கொடுத்த விளையாட்டு. விதை போட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், விளையும் வரை காத்திருந்து பிடுங்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிஜத் தோட்டத்தில் அவள் என்ன நட்டாலும் குரங்குக் கூட்டம் வந்து ஒரு பிஞ்சு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, கூரைத் தகரத்தில் குதித்து நன்றியும் சொல்லிவிட்டுப் போகும். போனுக்குள் குரங்கு வராது. அட்டை கடிக்காது. கத்தரி காய்த்தால் காய்த்ததுதான். பகல் சமையல் முடிந்து ஜன்னலோரக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தால், அவளைப் போல நிம்மதியான மனுஷி கண்டி மாவட்டத்திலேயே இருக்க மாட்டாள். கட்டுகஸ்தோட்டையில் மசாலாக் கடை வைத்திருக்கும் கணவன் ஷிராஸ் வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு அறுவடை எப்படி என்றுதான் முதலில் கேட்பார். கேலிதான். அவளும் அந்தக் கேலியைக் கணக்கெடுப்பதில்லை.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இருந்தது. பூசணி விளைய எட்டு மணித்தியாலம் ஆகும். எட்டு மணித்தியாலம் யார் காத்திருப்பது? ஒருநாள் பேட்டரி செத்து உயிர்வந்தபோது போனின் நேரம் தாறுமாறாய் நின்றது. தோட்டத்தைத் திறந்தால் பூசணியெல்லாம் மஞ்சளாய்ப் பழுத்துக் கிடந்தது. ஹபீலா பள்ளிக்கூடத்தில் கணக்கில் சுமார்தான், ஆனால் இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மனம் வந்தால் போனின் மணியை முன்னுக்குத் தள்ளுவாள், பூசணியைப் பிடுங்குவாள், பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுவாள். யாருடைய பூசணியையும் திருடவில்லையே என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

நோன்பு மாதத்தில் மட்டும் இந்த வேலை ஆகாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியை நடுவில் நிற்கும் குன்று மறைக்கும். அமைதியான மாலையில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மெல்லக் கேட்கும், மழை பிடித்தால் அதுவும் கேட்காது. ஆகவே அந்த வீட்டில் நோன்பு துறப்பது ஹபீலாவின் போன் சொல்லும் பாங்குக்குத்தான். அதற்கும் இன்டர்நெட் வேண்டியதில்லை, நேரம் சரியாயிருந்தால் போதும். ஒரே மணியை நம்பி ஒரு தோட்டமும் ஒரு பாங்கும். தலைப்பிறை கண்ட அன்றே இனி மணியில் கை வைப்பதில்லை என்று நிய்யத்து வைத்தாள், பாதி மாதம் வரை அதைக் காப்பாற்றியும் விட்டாள்.

அந்த நிய்யத்தைக் கெடுத்தது சித்தி றலியாவின் வருகை.

சித்தி றலியா கெலிஓயாவில் புடவைக் கடை நடத்துகிறவர்; சித்தி என்பது உறவுமுறையல்ல, அவர் பெயரே அதுதான். கணவர் மௌத்தான பிறகு கடையையும் பிள்ளைகளையும் தனியாளாய்க் கரை சேர்த்தவர். அவருடைய மகன் ஸிபானுக்குக் கண்டி டவுனில் ஒரு மருந்தகத்தில் வேலை. அவனுக்கு நஸ்லியாவைக் கேட்டிருந்தார்கள். நஸ்லியா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவன் பெயர் வந்தால் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தே உம்மாக்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தக் காரியம் நடந்தாக வேண்டுமென்று ஹபீலா ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தினாள். பயமெல்லாம் சித்தி றலியாவை நினைத்துத்தான். போன வருடம் ஒரு வீட்டில் நோன்பு மாதத்தில் டீவி நாடகம் ஓடியதைக் கண்டு, பொண்ணைப் பார்க்காமலே எழும்பி வந்தவராம். நல்ல பொண்ணாம் அது.

அப்படிப்பட்டவரை நோன்பு துறக்க அழைத்திருந்தார்கள். கஞ்சி காய்ச்சியாயிற்று, ரோல்ஸ் பொரித்தாயிற்று, ஈத்தம்பழம் தட்டில் அடுக்கியாயிற்று. செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கை சும்மா இருந்தால் மனம் சும்மா இருக்குமா? கொஞ்சம் தோட்டத்தைப் பார்த்தாலாவது மனம் அடங்கும் என்று ஹபீலா போனை எடுத்தாள். பூசணி பச்சையாய்க் கிடந்தது. தள்ளிவிட்டாள் மணியை.

பிடுங்கி முடிப்பதற்குள் மேலே வளைவில் வேன் ஹோர்ன் அடித்தது. அவசர அவசரமாய் மணியைப் பின்னுக்கு உருட்டினாள், சுவரைப் பார்த்தாள், சரியென்று நினைத்தாள், முக்காட்டை இழுத்துவிட்டு ஓடினாள்.

வந்தவர்கள் படியிறங்கவும் மழை பிடிக்கவும் சரியாயிருந்தது. தகரக் கூரையில் அது விழுந்த விழுகையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்டது. ஷிராஸும் ஸிபானும் முன் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் மூவரும் உள்ளே பாயில். நடுவில் ஒரு திரை, திரையோரம் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் இரண்டு பக்கமும் கேட்கும்படி போன். சித்தி றலியா நஸ்லியாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார், பிறகு கையேந்தித் துஆவில் இறங்கிவிட்டார்.

போன் பாங்கு சொன்னது.

ஷிராஸ் இந்த விஷயத்தில் யாருக்காகவும் நிற்க மாட்டார். முதல் தக்பீர் முடிவதற்குள் ஈத்தம்பழம் அவர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. உள்ளே சித்தி றலியாவின் பழம் உதட்டருகே போய் நின்றது. அவர் இடது கையில் கட்டியிருந்த பழைய மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“என்ட மணிக்கூடுதான் சுணங்குது போல,” என்று சொல்லிக்கொண்டே, பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு மணிக்கூட்டின் திருகியை இழுத்தார், நேரத்தை முன்னுக்குத் திருப்ப.

ஹபீலா சுவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன் பத்து நிமிடம் முந்தி ஓடியது. அவசரத்தில் சரியாய்ப் பின்னுக்குத் தள்ளவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். மழைச் சத்தத்தில் பள்ளிவாசல் பாங்கு யார் காதிலும் விழப் போவதில்லை. சுவர் மணிக்கூட்டை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எல்லாரும் துறப்பார்கள், கஞ்சி குடிப்பார்கள், நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நஸ்லியாவின் காரியமும் நடக்கும். ஆனால் பகல் முழுக்கப் பிடித்த நோன்பை இந்த மனுஷி தன்னை நம்பிப் பறிகொடுக்கப் போகிறார். போதாததற்குச் சரியாய் ஓடுகிற மணிக்கூட்டையும் தன் கையால் பிழையாக்கிக் கொண்டிருக்கிறார்.

“துறக்காதீங்க ராத்தா,” என்றாள் ஹபீலா. “நேரமாகல்ல. உங்கட மணிக்கூடு சரி. என்ட போன்தான் பிழை.”

திரைக்கு அந்தப் பக்கம் ஷிராஸின் குரல் வந்தது.

“நான் முழுங்கிட்டேனே.”

அவருடைய அந்த ஒரு நோன்பு கழாவாகிப் போனது. பெருநாளுக்குப் பிறகு ஒருநாள் பிடித்துக் கொடுக்க வேண்டியதுதான். மற்றவர்கள் பழத்தைத் தட்டில் வைத்தார்கள். போன் எப்படிப் பிழையானது என்று சித்தி றலியா கேட்டார். தானாய்ப் பிழையானது என்று சொல்ல ஹபீலாவின் நாக்கு எழும்பவில்லை. பாதி வரை வந்துவிட்டோம், மீதியையும் சொல்லித் தொலைப்போம் என்று விளையாட்டு, தோட்டம், பூசணி, எட்டு மணித்தியாலம் எல்லாவற்றையும் பாயைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். நஸ்லியாவின் முகம் கறுத்துப் போயிற்று. அதைப் பார்த்ததும், போனையும் பூசணியையும் சேர்த்து மகாவலியில் வீசிவிடலாம் போல வந்தது ஹபீலாவுக்கு.

சித்தி றலியா எழும்பிப் போய்விடுவார் என்றுதான் ஹபீலா எதிர்பார்த்தாள். அவரோ கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“காட்டுங்கோ பார்ப்போம்.”

குற்றவாளி தடயத்தை ஒப்படைப்பது போல ஹபீலா போனை நீட்டினாள். சித்தி றலியா விசாரணையைத் தொடங்கினார். இது கத்தரியா, அது என்ன, சோளமா, ஏன் வாடிப் போய் நிற்கிறது, யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். ஹபீலா பயந்து பயந்து பதில் சொன்னாள். குரங்கு வராதா என்று கேட்டபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது. கெலிஓயாவில் அவருடைய வளவில் வைத்த கறிமிளகாய், போஞ்சி, பப்பாசி எல்லாவற்றையும் குரங்கு தின்றே தீர்த்ததாம். இந்தத் தோட்டத்துக்குக் குரங்கே வராது என்று ஹபீலா சொன்னதும், மாஷா அல்லாஹ் என்றார் அவர். கேலியா நிஜமா என்று ஹபீலாவுக்குப் பிடிபடவில்லை.

சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படியென்று கேட்டார். விரலால் இழுத்துக் காட்டினாள். அவரும் இழுத்தார். ஒரு பயிர் நிமிர்ந்தது. அடுத்ததும் நிமிர்ந்தது. சித்தி றலியா பாயில் காலை மடக்கி வசதியாய் உட்கார்ந்துகொண்டார்.

மழை அதற்குள் ஓய்ந்துவிட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. குன்றைச் சுற்றிக்கொண்டு பள்ளிவாசல் பாங்கு மெல்ல வந்து சேர்ந்தது. ஷிராஸ் இந்த முறை நிதானமாய்க் கேட்டு, சுவர் மணிக்கூட்டை எட்டிப் பார்த்து, ஸிபானையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் பழத்தைத் தொட்டார். நஸ்லியா துறந்தாள். ஹபீலாவும் துறந்தாள். சித்தி றலியா குனிந்த தலை நிமிரவில்லை.

“உம்மா, பாங்கு சொல்லிட்டாங்க,” என்றான் ஸிபான் திரைக்கு வெளியிலிருந்து.

“இரிங்கோ மகன். இந்த ஒரு வரிசைக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன்.”

விறாந்தையில் ஷிராஸுக்குக் கஞ்சி புரையேறிவிட்டது. நஸ்லியா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ஹபீலாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சித்தி றலியா தலையைத் தூக்கி எல்லாரையும் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று பிழைபொறுக்கக் கேட்டு ஈத்தம்பழத்தை வாயில் போட்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார். சத்தமான, பல் தெரிகிற சிரிப்பு. அதைக் கேட்ட பிறகுதான் ஹபீலாவின் உயிர் உடம்புக்குள் வந்தது.

தொழுது, சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து முடித்ததும், நஸ்லியாவை உட்காரவைத்து அந்த விளையாட்டைத் தன் போனுக்குப் போட்டுத் தரச் சொன்னார் அவர். டேட்டா வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் மாமி, போனுக்குப் போன் அனுப்பலாம் என்றாள் நஸ்லியா. மாமி என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சித்தி றலியா அதைத் திருத்தவில்லை.

படியேறும் முன் ஹபீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது தங்கச்சி. பெருநாள் முடிய ஆக்களோட வாரேன், நாள் பார்ப்போம்.”

ஹபீலாவுக்குக் கண் கலங்கியது. தலையை ஆட்டினாள். சித்தி றலியா இரண்டு படி ஏறினார், நின்றார், திரும்பினார். மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

“மணியத் தள்ளுற விஷயம் ஈக்கே, அத இப்ப எனக்குச் சொல்லித் தர வேணாம். பெருநாள் பிறை கண்ட பொறகு சொல்லித் தாங்கோ.”