வா.நீ.

“டாக்டர் எழுதுறதையெல்லாம் இனிமே நீங்களே உங்க போன்ல படிக்கலாம்” என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்வேன். கிளினிக்கில் வரவேற்பு மேசை என்னுடையது. மாதக் கடைசிக்குள் முந்நூறு பேரை கிளினிக் ஆப்பில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. ஒருவரையும் விடவில்லை. காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவரிடம்கூட பாஸ்வேர்டு கேட்டவள் நான்.

மாதாமாதம் சர்க்கரைக்குக் காட்ட வரும் தையல்காரர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. “எனக்கு எதுக்கும்மா? வாயால சொன்னா ஆச்சு” என்பார். அவர் வாயால் சொல்ல ஆரம்பித்தால், பித்தான் துளையில் தொடங்கி, மாப்பிள்ளையின் கோபதாபம் வழியாக முழங்கால் வலிக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆகும். ஒரு வாரம் நச்சரித்து அவரையும் சேர்த்துவிட்டேன்.

மூன்றாம் நாளே போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

“சர்க்கரை தெரியும், பிரஷர் தெரியும். இந்த வா.நீ. என்னம்மா வியாதி? விரல் வேற மரக்குது, ஊசி குத்தினாலும் தெரியலை. அதுவும் இதாலதானா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வா.நீ. என்றால் வாய் நீளம். பழைய அட்டைகளின் மூலையில் நான் பென்சிலால் போட்டுவைக்கும் அடையாளம் அது. அதைப் பார்த்தால் டாக்டரம்மா பேச்சைச் சுருக்கிக்கொள்வார். அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது கண்ணில் பட்டதையெல்லாம் தட்டித் தள்ளியிருக்கிறேன். ‘நோய்கள்’ என்ற கட்டத்தில், சர்க்கரைக்குக் கீழே, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

“அது தொண்டை சம்பந்தப்பட்டதுங்கய்யா. பேச்சைக் குறைச்சா எல்லாம் சரியாகிடும்” என்றேன், கூசாமல்.

“விரலுமா?”

“விரலும்தான்.”

அன்றைக்கே மற்ற நாற்பத்தோரு வா.நீ.க்களையும் அழித்தேன். அவருடையதை மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் வியாதி எங்கே போச்சு என்று கேட்பாரே!

அடுத்த மாதம் வந்தார். எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். உள்ளே போனவர் நான்கே நிமிடத்தில் வெளியே வந்தார். பின்னாலேயே டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “ஆளே மாறிட்டார் பாரேன்! எல்லாம் நீ ரெக்கார்டு படிக்கவெச்சதாலதான்” என்று என்னை மெச்சினார். திரையில் பார்த்தேன். ‘குறை எதுவும் சொல்லவில்லை’ என்று எழுதியிருந்தார்.

தையல்காரர் மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை நான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன். வலது கை விரல்கள் மடங்கவே இல்லை.

“விரல் இன்னும் சரியாகலையா?”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலே எழும்பாமல் சொன்னார்: “பத்து நாளா கத்தரியே பிடிக்க முடியலைம்மா. கடையைத் திறக்கலை.”

“டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“நீதானே பேச்சைக் குறைக்கச் சொன்னே. இன்னும் கொஞ்சம் குறைக்கணும்போல.”

எனக்கு அழுகை முட்டியது. வேலையாவது, மண்ணாவது.

“ஐயா, வா.நீ.ன்னா வாய் நீளம். வியாதியே இல்லை. எழுதினதும் நான்தான், பொய் சொன்னதும் நான்தான்.”

காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் கதவு திறந்தேதான் இருந்தது. தையல்காரர் ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப நான் பேசலாமாம்மா?” என்று கேட்டார்.