ஆறு பாய்மரங்களின் தூக்கம்

பாய்மரத்தைப் படுக்கவைத்தால் அது தூங்கியாக வேண்டும். சொந்தத் தூக்கம் அதற்குக் கிடையாது. டிரெய்லருக்கு வெளியே நாலடி நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் கட்டுகிற சிவப்புத் துணி யாருடையதோ, அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் படகு கிளப்பில் ஆறு பாய்மரப் படகுகள். ஐப்பசியில் அவற்றை ஊருக்குள் இருக்கும் கிட்டங்கியில் கொண்டுபோய் வைத்து, தை பிறந்ததும் எடுத்து வருவோம். பாய்களை மடிக்கக்கூடாது, சுருட்ட வேண்டும். கம்பிக்கயிறுகளை வளையமாகச் சுற்றிப் பெயர்ச்சீட்டு கட்ட வேண்டும். ஆறு மரங்களையும் ஒரே கட்டாக்கி, உரசாமல் சைக்கிள் டியூப் சுற்றி, கடைசியில் துணி. பதினோரு வருஷமாக என் சிவப்புச் சட்டையிலிருந்துதான் கிழித்தோம். அந்த மூன்று மாதமும் ஐஸ் கம்பெனிக்கு இரவு வேலைக்குப் போவேன். சும்மா முழித்துக் கிடப்பதற்கு அது தேவலை.

இந்த வருஷம் சட்டையில் காலர்தான் மிச்சம். அதையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கைக்குக் கிடைத்த சிவப்புத் துணியைக் கட்டினேன். அன்று சாப்பிட்டுச் சாய்ந்தவன் மறுநாள் பதினோரு மணிக்குத்தான் எழுந்தேன். மனைவி கொரற்றி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தூக்குவாளி சுத்தின துணி எங்க?"

"மரத்துல கட்டிட்டேன்."

"அது என் சேலைல கிழிச்சதுல்லா."

நாலாம் நாள் பேக்கரியில் மக்ரூனுக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றாராம் முதலாளி.

கிட்டங்கிச் சாவி தஸ்நேவிஸ் அண்ணனிடம் இருக்கும். "காலரைக் கட்டிட்டு சேலைய அவுத்துட்டுப் போ. ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு எதுக்குடே நாலு நாளு?" என்றார்.

அந்த நாலு நாளும் எனக்குக் கனவு வந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் காலரை எடுத்துக்கொண்டு, கொரற்றியையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். அவள் கண்கள் சிவந்திருந்தன. மரங்கள் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. முடிச்சில் கை வைத்தேன்.

"பொறுங்க. நீங்க குறட்டை விடுதீங்க, தெரியுமா? கல்யாணமாகி இப்பத்தான் கேக்கேன்."

"சத்தமாவா?"

"லாரி மாதிரி."

வளையலில் கிடந்த ஊக்கை எடுத்து, காலரைச் சேலைத் துண்டோடு சேர்த்துக் குத்தினாள்.

"ஒரு கட்டுக்கு ரெண்டு பேரா? துணிக்காரங்க பேரு எழுதுத நோட்டுல ஒரு கட்டம்தானம்மா இருக்கு" என்றார் தஸ்நேவிஸ் அண்ணன்.

"பொடிசா எழுதுங்கண்ணே."

இப்போது இரவு இரண்டு மணிவரை அவள் தூங்குகிறாள். அதன்பிறகு நான். மக்ரூன் இனிக்கிறது. கனவு மட்டும் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். அவள் விட்ட இடத்திலிருந்து எனக்கு வரும். நேற்று அவள் சைக்கிளில் உப்பளம் தாண்டி வெகுதூரம் போய், சைக்கிளைப் பூட்டியதும் எழுந்துவிட்டாள். நான் அங்கிருந்து நடந்தே வந்தேன். பாதி வழியில் விடிந்துவிட்டது.

எங்களிடம் சைக்கிள் கிடையாது. காலையில் அவள் இடுப்பிலிருந்து அந்தச் சைக்கிள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். இன்று ராத்திரி மறக்காமல் எடுத்துப்போக அதைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.